பார்க்கப் பெரிது, கழுத்துக்கு லேசு: மணியும் துணியும் சேர்த்துக் கழுத்தணி செய்யும் முறை

பூவேலை எதுவும் இல்லாத ஒரே நிற உடையைக்கூட எடுப்பாகக் காட்டிவிடும் பெரிய கழுத்தணிக்கு 'ஸ்டேட்மென்ட் நெக்லஸ்' என்று பெயர். வேறு நகையே வேண்டாம், இது ஒன்று போதும் என்பதுதான் அதன் கணக்கு. முதல்முறை செய்ய உட்காருகிறவர்கள் பெரும்பாலும் நிறப்பொருத்தத்தில் தொடங்குகிறார்கள். தொடங்க வேண்டிய இடம் எடை. அழகாகச் செய்த மாலை பெட்டிக்குள்ளேயே கிடக்கிறது என்றால் ஒன்று பிடரி வலித்திருக்கும், இல்லாவிட்டால் கொக்கி கழன்றிருக்கும். இரண்டுக்கும் காரணம் பெரும்பாலும் எடைதான்.

20 மி.மீ. குறுக்களவுள்ள கண்ணாடி மணி ஒன்று ஏறத்தாழ 10 கிராம் இருக்கும். அதே அளவு அக்ரிலிக் மணி 5 கிராம். மரமணி 3 கிராம்தான். பதினைந்து மணி கோத்தால் கண்ணாடியில் 150 கிராம், மரத்தில் 45. இன்னொன்றையும் கவனியுங்கள்: குறுக்களவு இரட்டித்தால் எடை எட்டு மடங்காகிறது. 10 மி.மீ. கண்ணாடி மணி ஒன்றேகால் கிராம்தான்; அதன் இரட்டை அளவு மணிதான் 10 கிராமுக்கு ஏறிவிடுகிறது. ஆகவே பருமனைத் துணியும் மரமும் கொடுக்கட்டும், மினுக்கத்தைக் கொஞ்சம் கண்ணாடியும் உலோகமும் கொடுக்கட்டும். முழு மாலையும் 100 கிராமுக்குள் நின்றால் நாள் முழுக்கப் போட்டிருக்கலாம். 150 கிராமைத் தாண்டினால் கொஞ்ச நேரத்திலேயே கை தானாகப் பிடரியைத் தடவப் போகும்.

அதற்காக எடையே இல்லாமல் செய்வதும் சரிவராது. வெறும் தெர்மோகோல் உருண்டைகளைத் துணியில் சுற்றிச் செய்த மாலை, குனிந்து நிமிர்ந்தால் புரண்டுகொள்ளும். நடுப்பகுதி நடுவில் நிற்காது. அப்படிச் செய்ய விரும்பினால் நடுவில் வரும் மூன்று மணிகளையாவது கனமானவையாகப் போடுங்கள். அந்தப் பாரம் மாலையைக் கீழே இழுத்து நேராக நிறுத்தும்.

கீழே இரண்டு வகைகள் வருகின்றன. முதலாவது, மணிகளைத் துணிக்குழலுக்குள் போட்டு முடிச்சிடும் மாலை. புதியவர்கள் இதில்தான் தொடங்க வேண்டும். இரண்டாவது, பாசியும் துணிப்பூவும் தைத்த கழுத்துப் பட்டை. அதற்குப் பொறுமை அதிகம் வேண்டும்.

நீளம் முதலில்

ஒரு கயிற்றைக் கழுத்தில் போட்டுக் கண்ணாடி முன் நின்று, மாலை எங்கே முடிய வேண்டும் என்று பாருங்கள். பொதுவாக 40 செ.மீ. கழுத்தை ஒட்டி நிற்கும், 45 செ.மீ. காறை எலும்பில் உட்காரும், 55 முதல் 60 செ.மீ. மார்பின் மேற்பகுதிவரை இறங்கும். கொக்கியே இல்லாமல் தலைவழியாகப் போட வேண்டுமானால் 65 செ.மீ.க்குக் குறையக் கூடாது.

பருமனான மாலையில் ஒரு சிக்கல் உண்டு. மெல்லிய சங்கிலிக்கு அளந்த நீளம் இதற்குப் பொருந்தாது. 2 செ.மீ. பருமனுள்ள மாலையை மேசையில் நீட்டி அளந்தால் 45 செ.மீ. இருக்கும், வளைத்துக் கழுத்தில் போட்டதும் உள்சுற்று 39 செ.மீ.தான் வரும். வெளிவிளிம்பு நீளமாகவும் உள்விளிம்பு குறுகலாகவும் ஆகிவிடுவதே காரணம். சுற்றிலும் பருமன் இருந்தால் 6 செ.மீ., முன்பாதி மட்டும் பருமன் என்றால் 3 செ.மீ. கூட்டிக்கொள்ளுங்கள். "அளந்துதானே செய்தேன், ஏன் கழுத்தைப் பிடிக்கிறது" என்ற கேள்விக்கு விடை இதுதான்.

பெரிய மணிகளைக் கழுத்தைச் சுற்றிலும் போட வேண்டியதில்லை. முன்பக்கம் 25 முதல் 30 செ.மீ. போதும். பின்பக்கம் காலருக்கும் கூந்தலுக்கும் அடியில் போகிற பகுதி, யார் கண்ணிலும் படாது. அங்கே மணி போட்டால் எடையும் கூடும், சாய்ந்து உட்காரும்போது உறுத்தவும் செய்யும்.

துணி

மெல்லிய பருத்திதான் முதல் மாலைக்குச் சரி. வாயில், கேம்பிரிக், மெல்லிய பாப்ளின் எதுவும் ஆகும். முடிச்சு வழுக்காது, ஊசி எளிதாக இறங்கும், இஸ்திரி சொன்னபடி கேட்கும்.

சாட்டின் பளபளப்பில் மயங்க வேண்டாம். முடிச்சு தானாக நெகிழும், ஒவ்வொரு சுருக்கமும் வெளிச்சத்தில் தெரியும். பழகிய பிறகு செய்யலாம், அப்போதும் முடிச்சுக்கு முடிச்சு உள்பக்கம் ஒரு தையல் போட வேண்டும். முரட்டுப் பட்டும் ஜரிகைத் துணியும் வெட்டிய நிமிடமே நூல் பிரியத் தொடங்கும். அவற்றில் தையலுக்கு விடும் இடத்தை 6 மி.மீ.க்குப் பதில் 10 மி.மீ. ஆக்குங்கள். டெனிம், கேன்வாஸ் வேண்டவே வேண்டாம். குழலைத் திருப்பவே முடியாது, முடிச்சும் மணியைவிடப் பெரிதாக வந்து நிற்கும்.

அச்சுத் துணி என்றால் பூ சின்னதாக இருக்கட்டும். 20 மி.மீ. உருண்டையில் 5 செ.மீ. பூவின் ஓர் இதழ்கூட முழுதாகத் தெரியாது, வெறும் கறைபோல் ஆகிவிடும். கோடு போட்ட துணியைச் சாய்வாக வெட்டினால் கோடுகள் மணியைச் சுற்றி ஏறுவதுபோல் வரும். பார்க்க நன்றாக இருக்கும்.

வெட்டும் முன் துணியைத் துவைத்து, காயவைத்து, இஸ்திரி போடுங்கள். பிறகு நனைத்த வெள்ளைத் துணியை அதன்மேல் வைத்துச் சூடான இஸ்திரிப் பெட்டியால் அரை நிமிடம் அழுத்திப் பாருங்கள். வெள்ளையில் நிறம் ஒட்டினால் அந்தத் துணியை ஒதுக்கிவிட வேண்டியதுதான். கழுத்து வியர்வையில் சாயம் நிச்சயம் இறங்கும், உடையின் கழுத்தோரம் பாழாகும்.

நேராக வெட்டுவதா, கிராஸாக வெட்டுவதா? பாவு நூலின் போக்கிலேயே நேராக வெட்டிய துணி இழுபடாது. மணிமேல் சிறு சிறு மடிப்புகள் விழும். 45 பாகைச் சாய்வில் கிராஸாக வெட்டினால் துணி ரப்பர்போல் கொஞ்சம் நீளும், உருண்டையைத் தழுவிக்கொள்ளும், ஓரமும் அவ்வளவாகப் பிரியாது. ஆனால் துணி அதிகம் பிடிக்கும், ஒட்டுகளும் அதிகம் வரும். முதல் மாலைக்கு நேராக வெட்டுங்கள். சிறு மடிப்புகள் குறையல்ல, அந்த மாலைக்கே உரிய சாயல்.

மணி

குழலுக்குள் போகும் மணிக்குத் துளையே தேவையில்லை. எனவே சாயம் போனவை, துளை உடைந்தவை, கோலிக்குண்டு எல்லாமே பயன்படும். ஒன்றை மட்டும் பாருங்கள்: வெளிர் நிற மெல்லிய துணிக்குள் அடர்நிற மணி போட்டால் நிழலடிக்கும். சாயம் பூசாத மரமணி எந்தத் துணிக்குள்ளும் அடக்கமாக இருக்கும். சிராய் இருந்தால் மெல்லிய உப்புத்தாளால் ஒருமுறை தேய்த்துவிடுங்கள். இல்லாவிட்டால் குழலுக்குள் தள்ளும்போது துணியின் இழையைப் பிடித்து இழுத்துவிடும்.

முதல் மாலை: துணிக்குழலும் முடிச்சும்

வேண்டியவை: 20 மி.மீ. மரமணி 9, மெல்லிய பருத்தித் துணி, அதே நிறத்தில் பாலியஸ்டர் தையல்நூல், கைத்தையல் ஊசி, கத்தரிக்கோல், இஞ்ச் டேப், பெரிய ஊக்கு, கம்பளி பின்னும் ஊசி ஒன்று. பின்னல் ஊசி இல்லையென்றால் முனை மழுங்கிய பென்சில்.

துண்டின் அகலத்தைக் கணக்கிடுவதில்தான் பாதி வெற்றி. மணியின் குறுக்களவை 3.14 ஆல் பெருக்கினால் சுற்றளவு. அதோடு மணி நுழைவதற்கு 6 மி.மீ., தையலுக்கு இரண்டு பக்கமும் சேர்த்து 12 மி.மீ. கூட்டுங்கள். 20 மி.மீ. மணிக்கு 63 + 6 + 12, அதாவது 81 மி.மீ.; 8 செ.மீ. என்று வைத்துக்கொள்ளலாம். 16 மி.மீ. மணிக்கு 7 செ.மீ., 25 மி.மீ. மணிக்கு 9.7 செ.மீ. துணியை கிராஸாக வெட்டினால் நுழைவு இடத்தைப் பாதியாகக் குறைக்கலாம். விட்ட இடம் கூடிப்போனால் மணி குழலுக்குள் ஆடும், துணி பை மாதிரி தொங்கும். குறைந்துபோனால் தள்ளும்போது தையல் தெறிக்கும்.

நீளத்தில் ஏமாறுவது எளிது. துணி மணியின் மேற்பரப்பில் வளைந்து போவதால் 2 செ.மீ. மணிக்கு 3 செ.மீ.க்குச் சற்று அதிகமாகவே துணி பிடிக்கும். அதைவிட முடிச்சுகள்தான் துணியைத் தின்பவை: இந்த அகலக் குழலில் ஒவ்வொன்றுக்கும் 5 முதல் 6 செ.மீ. போய்விடும். ஒன்பது மணிக்கு 28 செ.மீ., பத்து முடிச்சுக்கு 55 செ.மீ., இரண்டு பக்கமும் கட்டுவதற்குத் தலா 35 செ.மீ. என்று 70 செ.மீ. ஆக 153. கைத்தவறுக்கும் சேர்த்து 160 செ.மீ. எடுங்கள். உங்கள் துணியில் முடிச்சு எவ்வளவு பிடிக்கும் என்று அறிய, 20 செ.மீ. நீளத் துண்டில் குழல் தைத்து ஒரு முடிச்சுப் போட்டு, முன்னும் பின்னும் அளந்து பாருங்கள். பத்து நிமிட வேலை. கடைசி மணிக்குத் துணி பற்றாமல் முழிக்கும் நிலை வராது.

அவ்வளவு நீளத்துக்கு ஒரே துண்டு கிடைக்காவிட்டால் ஒட்டுப்போட வேண்டும். இரண்டு துண்டுகளின் நல்ல பக்கங்களை ஒன்றின்மேல் ஒன்றாகச் செங்குத்தாக வைத்து மூலைக்கு மூலை சாய்வாகத் தையுங்கள். நேர்த் தையலில் ஒட்டினால் துணியின் தடிமன் முழுவதும் ஒரே இடத்தில் குவியும், மணி அங்கே சிக்கிக்கொள்ளும். சாய்வுத் தையலில் அது பரவிவிடும். ஒட்டு கட்டும் பகுதியில் விழும்படி திட்டமிட்டால் இன்னும் நல்லது.

இனி தையல். துண்டை நல்ல பக்கம் உள்ளே இருக்கும்படி நீளவாக்கில் மடித்து, ஓரத்திலிருந்து 6 மி.மீ. தள்ளித் தையுங்கள். இரண்டு முனைகளும் திறந்தே இருக்கட்டும். எந்திரமானால் தையல் நீளம் 2 மி.மீ.; அதற்கு மேல் போனால் மணியின் அழுத்தத்தில் வாய் பிளக்கும். கைத்தையல் என்றால் வெறும் ஓட்டுத் தையல் தாங்காது. ஒவ்வொரு முறையும் ஊசியைப் பாதித் தையல் பின்னால் குத்தி முன்னால் எடுக்கும் பின் தையல்தான் வேண்டும். கிராஸ் துணியை எந்திரத்தில் தைப்பவர்கள் துணியை இலேசாக இழுத்துப் பிடித்துக்கொள்ள வேண்டும். துணி நீளும்போது நூலும் கூட நீண்டு கொடுக்க வேண்டுமே.

ஊக்கை ஒரு முனையின் ஓரத்தில் குத்தி, குழலுக்குள் விட்டு, விரலால் நகர்த்தி மறுமுனையில் வெளியே இழுத்தால் நல்ல பக்கம் திரும்பிவிடும். முதல் 5 செ.மீ. மட்டும் முரண்டு பிடிக்கும், பிறகு வழுக்கிக்கொண்டு வரும். தையல் ஒரு விளிம்பில் வரும்படி இஸ்திரி போடுங்கள்.

கட்டும் பகுதி மெலிதாக இருக்கட்டும் என்று இரண்டு முனைகளையும் ஒடுக்கித் தைத்துவிடுபவர்கள் உண்டு. பிறகு மணியை எந்த வழியாகப் போடுவது? அகலத்தை ஒரே சீராக விடுங்கள். மெல்லிய துணி கட்டும்போது தானாக ஒடுங்கிக்கொள்ளும்.

நடுவிலிருந்து தொடங்குங்கள். குழலை இரண்டாக மடித்து நடுப்புள்ளியில் ஊசி குத்தி அடையாளம் வையுங்கள். முதல் மணியை அங்கே தள்ளி, இருபுறமும் ஒவ்வொரு முடிச்சு. அதன்பின் வலப்பக்கம் ஒரு மணி, ஒரு முடிச்சு. இடப்பக்கம் ஒரு மணி, ஒரு முடிச்சு. இப்படி மாறி மாறிப் போனால் ஒரு பக்கம் நீண்டு மறுபக்கம் குட்டையாகாது. ஒரு முனையில் தொடங்கி மறுமுனை வரை கோத்துப் போனால் நடுமணி நடுவில் விழுவது அதிர்ஷ்டம்தான்.

முடிச்சு மணியை ஒட்டி விழ வேண்டும், கை பழகும்வரை அது விழாது. இதற்குத்தான் பின்னல் ஊசி. முடிச்சைத் தளர்வாகப் போட்டு, கண்ணிக்குள் ஊசியை நுழைத்து, ஊசியாலேயே முடிச்சை மணி வரை தள்ளிக்கொண்டு போய், மணியோடு சேர்த்து அழுத்திப் பிடித்துக்கொண்டு ஊசியை உருவி, துணியை இழுத்து இறுக்குங்கள். ஒவ்வொரு முடிச்சையும் ஒரே திசையில் போடுங்கள். ஒன்று வலமும் ஒன்று இடமுமாகப் போட்டால் மாலை பாம்புபோல் நெளியும். வலக்கைப் பக்கமும் இடக்கைப் பக்கமும் கண்ணாடிபோல் எதிரெதிராக இருக்க வேண்டும் என்று விரும்புகிறவர்கள் நடுமணிக்கு இருபுறமும் திசையை மாற்றலாம், அதற்குப் பிறகு மாற்றக் கூடாது.

ஒவ்வொரு மணி போட்டதும் தையல் எந்தப் பக்கம் இருக்கிறது என்று பாருங்கள். முடிச்சுப் போடும்போது குழல் முறுக்கிக்கொண்டு தையல் முன்னால் வந்துவிடும். இறுக்குவதற்குமுன் திருப்பினால் ஒரு நொடி வேலை. இறுக்கிய பிறகு முடிச்சை அவிழ்த்தால் துணி கசங்கி, அந்த இடம் மட்டும் பழையதாகத் தெரியும்.

ஒன்பதும் முடிந்ததும் முன்பக்கம் ஏறத்தாழ 30 செ.மீ. நிற்கும். திறந்த முனைகளை 1 செ.மீ. உள்ளே மடித்து, வெளியே தெரியாத சிறு தையலால் மூடுங்கள். கழுத்தில் போட்டுப் பின்னால் முடிச்சிட்டுக்கொள்ளலாம். எந்த உடைக்கு எவ்வளவு இறக்கம் வேண்டுமோ அவ்வளவுக்குக் கூட்டவும் குறைக்கவும் முடியும். உலோகம் ஒரு துளிகூட இல்லாததால் நிக்கல் ஒவ்வாமை உள்ளவர்களுக்கும் தொந்தரவில்லை.

முடிச்சு வேண்டாம் என்றால்

துணி குறைவாக இருந்தாலோ, மணிகள் நெருக்கமாக வரவேண்டும் என்றாலோ முடிச்சுக்குப் பதில் நூல்கட்டுப் போடலாம். இரண்டு மணிகளுக்கு இடையில் கனமான பூத்தையல் நூலை எட்டுப் பத்துச் சுற்று இறுக்கிச் சுற்றி, முனையை ஊசியால் சுற்றுக்கு அடியில் செலுத்தி வெட்டுங்கள். இடத்துக்கு 1 செ.மீ. துணிகூடப் பிடிக்காது. 160 செ.மீ. பிடித்த மாலைக்கு 110 செ.மீ. போதும். மாறுபட்ட நிற நூல் என்றால் அதுவே ஓர் அலங்காரம்.

இடையில் உலோக வளையமோ பெரிய துளையுள்ள கண்ணாடி மணியோ வர வேண்டுமானால் துளை 6 மி.மீ.க்குக் குறையக் கூடாது. குழலின் முனையைக் கெட்டி நூலால் கட்டி, நூலைத் துளைவழி விட்டு இழுத்தால் துணி பின்னாலேயே வரும். இங்கேதான் கண்ணாடியின் மினுக்கத்தைச் சேர்க்க வேண்டும்: எட்டு இடைவெளிகளில் எட்டுச் சிறு மணி. கண் அவற்றைத்தான் பார்க்கும். எடையோ பத்துப் பன்னிரண்டு கிராம்தான் கூடும்.

மணிகள் நடுவில் பெரிதாகவும் ஓரத்தில் சிறிதாகவும் இறங்க வேண்டும் என்றால், குழலையும் அப்படியே இருபுறமும் சரித்துத் தைக்க வேண்டும். தட்டையாக வைத்து அளந்தால் 25 மி.மீ. மணி இருக்கும் இடத்தில் குழல் அகலம் 42 மி.மீ., 20 மி.மீ. மணிக்கு 34, 16 மி.மீ. மணிக்கு 28. பெரிய மணி நடுவுக்குப் போக வேண்டுமே, ஒடுங்கிய வாய்வழியாக எப்படி? ஒரு பாதியின் தையலை மட்டும் முதலில் முடித்துத் திருப்பி, மறுபாதியின் ஓரத்தை உள்ளே மடித்து, மணிகளை ஒவ்வொன்றாக வைத்துக்கொண்டே கையால் மூடித் தைத்துப் போக வேண்டும். நேரம் பிடிக்கும் வேலை. இரண்டாவது, மூன்றாவது மாலைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது வகை: கழுத்துப் பட்டை

இது கோப்பதல்ல, தைப்பது. கெட்டியான அடித்துணிமேல் பாசியும் மணியும் துணிப்பூவும் தைத்து, பின்னால் இன்னொரு துணி மூடி, இரண்டு முனையிலும் ரிப்பன் வைத்த பிறை வடிவப் பட்டை. அகலம் 18 செ.மீ., நடுவில் இறக்கம் 7 செ.மீ. என்பது தொடங்குவதற்கு நல்ல அளவு.

வடிவத்துக்குக் காகிதத்தை மடித்துப் பாதி வரைந்து வெட்டுங்கள். கழுத்து வளைவைக் கண்ணால் மதிப்பிடாமல், உங்களுக்குச் சரியாகப் பொருந்தும் வட்டக் கழுத்து உடையின் முன்கழுத்தைக் காகிதத்தில் வைத்து வரைந்துகொள்ளுங்கள். காகிதத்தைக் கழுத்தில் ஒட்டிக் கண்ணாடியில் பார்த்துத் தலையை இருபுறமும் திருப்புங்கள். காகிதம் கழுத்தில் இடித்து மேலே எழும்பினால் வளைவு இன்னும் ஆழமாக வேண்டும்.

அடித்துணிக்கு 2 மி.மீ. கெட்டி ஃபெல்ட் (நெய்யாமல் இழைகளை அழுத்திச் செய்த துணி), அல்லது இஸ்திரிச் சூட்டில் ஒட்டிக்கொள்ளும் கேன்வாஸை அடியில் கொடுத்த பருத்தி. வடிவத்தைத் துணியில் வரையுங்கள், வெட்டாதீர்கள். சுற்றிலும் 3 செ.மீ. துணி விட்டு, வேலை முழுவதும் முடிந்த பிறகே வெட்ட வேண்டும். நூல் இழுக்க இழுக்க அடித்துணி சுருங்கும். முன்பே வெட்டியிருந்தால் வடிவம் கோணிவிடும்.

பெரியவற்றை முதலில் வையுங்கள். துணிப்பூ செய்ய 4 செ.மீ. அகலம், 60 செ.மீ. நீளத் துண்டை நீளவாக்கில் இரண்டாக மடித்து, திறந்த ஓரத்தில் ஓட்டுத் தையல் போட்டு, நூலை இழுத்து மூன்றில் ஒரு பங்காகச் சுருக்குங்கள். ஒரு முனையிலிருந்து சுருட்டிக்கொண்டே அடியில் தைத்து வந்தால் 4 செ.மீ. அளவில் ஒரு பூ கிடைக்கும். நடுவில் ஒன்று, இருபுறமும் சற்றுச் சிறியதாக ஒவ்வொன்று. பூக்களுக்கு இடையில் பெரிய மணிகள். பெரிய மணியை நிறுத்த, நூலை மணிவழி மேலே எடுத்து, ஒரு சிறு பாசியைக் கோத்து, பாசியை விட்டுவிட்டு மணிவழியே திரும்பக் கீழே இறக்குங்கள். பாசி தாழ்ப்பாள்போல் மணியைப் பிடித்துக்கொள்ளும்.

மீதி இடத்தைப் பாசி வரிசைகளால் நிரப்புவது பின் தையலில். நான்கு பாசி கோத்து ஊசியைக் கீழே இறக்குங்கள். இரண்டாவதுக்கும் மூன்றாவதுக்கும் இடையில் மேலே எடுத்து, மூன்று நான்கின் வழியாக மறுபடி விட்டு, அடுத்த நான்கைக் கோத்துக்கொள்ளுங்கள். ஒரே தடவையில் எட்டுப் பத்து கோத்து இறக்கினால் வேலை வேகமாகும், ஆனால் வரிசை வளைந்து தூக்கிக்கொண்டு நிற்கும், எங்காவது மாட்டி இழுபடும். 11 எண் பாசி 2 மி.மீ. குறுக்களவு, துளைவாக்கில் அதைவிடக் குட்டை; 10 செ.மீ. வரிசைக்கு ஏறத்தாழ 70 பிடிக்கும். பத்துத் தையலுக்கு ஒருமுறை பின்பக்கம் முடிச்சிடுங்கள். நூல் அறுந்தாலும் பத்தோடு போகும். நூலைச் சுருக்கென்று இழுக்க வேண்டாம். பட்டை கிண்ணம்போல் குவிவது அதனால்தான்.

வரைந்த கோட்டிலிருந்து 3 மி.மீ. உள்ளேயே பாசியை நிறுத்துங்கள், ஓரத் தையலுக்கு இடம் வேண்டும். எல்லாம் முடிந்ததும் கோட்டை ஒட்டி வெட்டுங்கள். பின்பக்க நூல்களை வெட்டிவிடாமல் இருக்க, பட்டையைத் திருப்பிப் பார்த்துக்கொண்டே கத்தரிக்கோலை நகர்த்துங்கள்.

ரிப்பன் 1.5 செ.மீ. அகலம், 45 செ.மீ. நீளம், இரண்டு. பிறையின் மேல்முனையில், கழுத்து வளைவு எந்தத் திசையில் போகிறதோ அதே திசையில் நீட்டி வைத்து, 2 செ.மீ. பட்டையின் பின்னால் வரும்படி பெருக்கல் குறிபோல் தையுங்கள். இந்த இடத்தில் நிறையப் பேர் தவறுகிறார்கள்: ரிப்பனைப் பக்க ஓரத்தின் நடுவில் தைத்தால் மேல்முனை முன்னால் மடிந்து விழும். இப்போது பின்துணி. மெத்தென்ற ஃபெல்ட் அல்லது பருத்தியை அதே வடிவில் வெட்டி, நடுவில் மட்டும் துணிப்பசை தடவி ஒட்டி, காய்ந்ததும் ஓரத்தைச் சுற்றிச் சுற்றித் தையுங்கள். ஓரம்வரை பசை தடவினால் ஊசி இறங்காது.

கொக்கியும் கம்பியும்

ரிப்பன் வேண்டாம், கொக்கிதான் வேண்டும் என்றால், பற்கள் உள்ள தட்டை முனைப்பிடிப்பு ரிப்பனின் அகலத்திலேயே கிடைக்கும். முனையில் ஒரு சொட்டுப் பசை வைத்து, ரிப்பனை உள்ளே விட்டுக் குறட்டால் இருபுறமும் சமமாக அழுத்துங்கள். குறட்டின் வாயில் துணி சுற்றிக்கொண்டால் உலோகத்தில் கீறல் விழாது. கொக்கியை இணைக்கும் சிறு வளையத்தைத் திறக்க, இரண்டு குறட்டால் ஒரு முனையை முன்னாலும் மறுமுனையைப் பின்னாலும் திருப்ப வேண்டும். பக்கவாட்டில் இழுத்து அகட்டினால் வட்டம் கெட்டுவிடும், மீண்டும் முழுதாக மூடாது.

மணிச்சரம் ஒன்றைத் துணி மாலையோடு சேர்ப்பதாக இருந்தால் நைலான் நரம்பு வேண்டாம். நாளடைவில் நீண்டு, பிறகு முறுகி ஒடியும். நைலான் பூச்சுள்ள எஃகு இழைக் கம்பி நம்பகமானது. லேசான மணிக்கு 0.38 மி.மீ., கனமானதற்கு 0.5 மி.மீ. முனையில் கிரிம்ப் மணி (நசுக்கினால் கம்பியைப் பிடித்துக்கொள்ளும் சிறு உலோக மணி) ஒன்றைக் கோத்து, கம்பியைக் கொக்கியின் வளையத்தில் விட்டு, கிரிம்ப் வழியே திரும்பக் கொண்டுவந்து, குறட்டால் நசுக்குங்கள். மீதிக் கம்பி 2 செ.மீ. மணிகளுக்குள் ஒளியட்டும். மறுமுனையை மூடும்போது சரத்தில் 2 மி.மீ. தளர்ச்சி விட வேண்டும். விறைப்பாக மூடிய சரம் வளையாது, குச்சிபோல் நிற்கும். கடைசி மணியின் விளிம்பு கம்பியை நாளும் அறுத்துக்கொண்டிருக்கும்.

வேலை முடிந்ததும் மாலையை ஓர் ஆணியில் மாட்டி, மாலையின் எடை இன்னொரு மடங்கு தொங்கும்படி எதையாவது கட்டி ஓர் இரவு விடுங்கள். நீளுமா, வளையம் வாய் திறக்குமா, தையல் விரியுமா என்பதெல்லாம் காலையில் தெரிந்துவிடும். கொக்கி வழுக்கினால் பெரும்பாலும் கிரிம்ப் சரியாக நசுங்கவில்லை. அதை வெட்டிவிட்டுப் புதியது போடுங்கள், மறுபடி நசுக்கிப் பார்ப்பதில் பயனில்லை.

சிறு குழந்தைகளுக்கு இந்த வகை மாலையைப் போட்டுவிடாதீர்கள். கழுத்தைச் சுற்றிய நாடா எங்காவது மாட்டினால் இறுகும், பிரிந்து விழும் மணி தொண்டையில் சிக்கும்.

வாசனைத் தெளிப்பானை அடித்து அது உலர்ந்த பிறகே மாலையைப் போடுங்கள். துணியில் பட்டால் கறை நிற்கும். மரமணி போட்ட மாலையை ஊறவைக்கக் கூடாது, மரம் உப்பித் தையலைப் பிளக்கும். மிதமான சோப்பு நீரில் துணியை நனைத்துப் பிழிந்து, கழுத்தில் படும் பக்கத்தை ஒற்றியெடுத்து, நிழலில் படுக்கவைத்துக் காயவிடுங்கள். தொங்கவிட்டால் ஈரத்தில் கிராஸ் துணி நீண்டுவிடும். பெட்டியில் வைக்கும்போதும் மடிக்காமல் வட்டமாகப் படுக்கவையுங்கள்.